திலகவதியாருக்குக் கிடைக்காத விடை: சூலைப் பதிகமும் யோபு நூலும் இலண்டன் தமிழ்ச் சூழலில்

முன்னுரை

விம்பிள்டன் கணபதி கோயில் 1981ஆம் ஆண்டிலும் ஹைகேட் முருகன் கோயில் 1986ஆம் ஆண்டிலும் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டன. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் 1983 ஜூலை நிற்கிறது. அதன்பின் இலங்கையிலிருந்து இலண்டனை வந்தடைந்த தமிழர்கள், இழப்பின் சுமையோடு இக்கோயில்களின் வாயிலில் நின்றனர். 2009இல் பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் கூடிநின்றவர்களுள் பலர், அதே நாள்களில் தம் உறவினரின் உயிர்ச்செய்திக்காகக் காத்திருந்தவர்கள். இம்மக்கள் ஓதும் திருமுறைகளில் அப்பரின் முதற் பதிகம் சிறப்பிடம் பெறுவது. இந்நகரத்துத் தமிழ்க் கிறித்தவர் கைகளிலோ யோபு நூல் இருக்கிறது. காரணம் விளங்காத துன்பத்தில் இறைவனை நம்புதல் என்பது யாது என்னும் வினாவை இவ்விரு நூல்களும் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதையும், அவ்வொப்பீட்டில் திலகவதியார் பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. அறிந்தோரும் அறியாதோரும்

யோபு நூலின் அமைப்பில் ஒரு பிளவு உண்டு. முதலிரண்டு அதிகாரங்களில் விண்ணவையில் நிகழும் உரையாடலைப் படிப்பவர் அறிவர், யோபு அறியார். நூல் 42 அதிகாரங்களில் முடிவுறும்போதும் அவ்வுரையாடல் அவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. சூறைக்காற்றினின்று பேசும் இறைவன், படைப்பின் பரப்பைக் காட்டி வினாக்களை அடுக்குகிறாரேயன்றி, காரணத்தைக் கூறவில்லை.

சேக்கிழார் அமைத்த திருநாவுக்கரசர் புராணத்திலும் இத்தகைய பிளவு காணப்படுகிறது. சமணம் புகுந்து தருமசேனராக விளங்கிய தம்பியை மீட்டருளுமாறு திலகவதியார் அதிகை வீரட்டானத்து இறைவனை வேண்டுகிறார். இறைவன் கனவில் தோன்றி, தம்பி முற்பிறப்பில் தவம் முயன்றவன் என்றும், சூலை நோய் தந்து அவனை ஆட்கொள்வதாகவும் உரைக்கிறார். தவத்தில் நேர்ந்த சிறு வழுவையும் புராணம் காரணமாகச் சுட்டுகிறது. இவை அனைத்தும் தமக்கைக்கும் படிப்பவருக்கும் தெரியும்; வயிற்றைப் பற்றிக்கொண்டு துடிப்பவருக்குத் தெரியாது.

ஆகவே இரு நூல்களிலும் விளக்கம் இல்லாமல் இல்லை. அது துன்புறுவோனின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. நம்பிக்கை பிறக்குமிடம் அவ்வெட்டாமையே. காரணத்தை அறிந்தபின் தோன்றுவது உடன்பாடு; அறியாமலே முகம் திருப்பாது நிற்பதே நம்பிக்கை.

2. பதிகத்தின் குரல்

புராணத்தை விலக்கிவிட்டுப் பதிகத்தை மட்டும் நோக்கின் நிலைமை மேலும் கூர்மையாகிறது. நான்காம் திருமுறையின் தொடக்கமாக அமைந்த இப்பதிகத்தில் தமக்கை இல்லை, கனவு இல்லை, தவத்தின் வழுவும் இல்லை. குடலைப் புரட்டும் நோயும், அதை நீக்குமாறு கேட்கும் குரலுமே உள்ளன.

முதற் பாட்டில் அப்பர், தாம் செய்த கொடுமைகளைத் தாம் அறியவில்லை என்கிறார். இத்தொடரின் நுட்பம் எண்ணத்தக்கது. செயலை அவர் மறுக்கவில்லை, அறிவையே மறுக்கிறார். வினைக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டே, அது தம் துன்பத்திற்கு விளக்கமாகப் பயன்படவில்லை என்பதை ஒரே மூச்சில் கூறிவிடுகிறார். யோபு தம் குற்றமின்மையை உறுதியாக நாட்டி வழக்காடுகிறார். அப்பர் தம் அறியாமையை முன்வைத்து வழக்காடுகிறார். அடிப்படை வேறாயினும் இருவரும் நிற்பது ஒரே மன்றத்தில்.

பிறிதொரு பாட்டில் நீரும் பூவும் தூபமும் தாம் மறந்ததில்லை என்றும், இசையோடு கூடிய தமிழை மறந்ததில்லை என்றும், நன்மையிலும் தீமையிலும் இறைவனை மறந்ததில்லை என்றும் அப்பர் உரைக்கிறார். சமணத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர் இவ்வாறு கூறுவது வரலாற்றோடு பொருந்தவில்லை. முற்பிறவி நினைவெனக் கொண்டு இம்முரணைத் தீர்க்க இயலும். ஆயினும் பாட்டின் போக்கில் இது மன்றாடுவோனின் சான்றுரையாகவே ஒலிக்கிறது. இவ்விடத்தில் அப்பர் யோபுவை மிக நெருங்கிவிடுகிறார்.

இறுதிப் பாட்டிற்கு முந்தைய பாட்டே பதிகத்தின் உச்சம். அடியார் படுவது இதுவேயானால், தம்மைப் போன்றோர் இனி இறைவனை நம்பமாட்டார் என்று அப்பர் துணிந்து கூறுகிறார். நம்பிக்கை இற்றுப்போகும் நிலையை இறைவனிடமே முறையிடுகிறார் என்பதே இங்குக் கருதத்தக்கது. நம்பவியலாமையைச் சொல்வதற்கும் அவருக்கு வேறு முகவரி இல்லை. அப்பாட்டின் இறுதியடி அன்பைப் பற்றிய சொல்லோடு தொடங்குகிறது. அச்சொல்லை அமைதியாகவும் கொள்ளலாம். இதுதானா உன் அன்பு என்னும் இடித்துரையாகவும் கொள்ளலாம். உரைகாண்போர் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்குவதினும், இரண்டையும் தாங்கி நிற்கும் சொல்லாக அதை விட்டுவைத்தலே பாட்டின் உண்மைக்கு உகந்தது.

3. நண்பர்களின் பிழை

யோபுவின் நண்பர்களான எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகியோர் ஏழு நாளும் ஏழு இரவும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து, துன்பத்திற்கு யோபுவின் பாவமே காரணமென விளக்கத் தொடங்கியதும் பிழை நேர்ந்தது. நூலின் இறுதியில் இறைவன் சினப்பது வழக்காடிய யோபுவின்மீது அன்று. இறைவனுக்காக வாதாடிய நண்பர்கள்மீதே.

இலண்டனில் பிறந்து அங்கேயே 1827இல் மறைந்த வில்லியம் பிளேக், யோபு நூலுக்குச் செதுக்கிய 21 சித்திரங்கள் 1826இல் வெளிவந்தன. அவற்றுள் பத்தாவதில் நண்பர் மூவரும் கைகளை நீட்டி யோபுவைச் சுட்டுகின்றனர். விளக்கம் ஒரு சுட்டுவிரலாக மாறும் கணம் அது. தமிழ்த் துக்க வீடுகளில், எல்லாம் முன்வினை என்று ஆறுதலாகக் கூறப்படும் சொல்லும் இவ்விரலாக மாறக்கூடும். பிள்ளையைப் போரில் இழந்த தாயிடம் அது சொல்லப்படும்போது, ஆறுதல் குற்றச்சாட்டாகிறது. வினைக்கோட்பாட்டை அப்பர் இப்பதிகத்தில் தன்மையிடத்திலேயே பேசினார். பிறரை நோக்கி முன்னிலையில் பேசவில்லை. ஒருவன் தன்னைக் குறித்துப் பணிவோடு கூறுவது, பிறனைக் குறித்துக் கூறப்படும்போது தீர்ப்பாகிவிடுகிறது. கோட்பாட்டின் மெய்ம்மை பற்றிய வினா வேறு. அதை எவர், எவரிடம் மொழியலாம் என்னும் வினா வேறு. சூலைப் பதிகம் இரண்டாவதற்கே விடை தருகிறது.

4. விடை பெறாதவர்

தம்பியின் துன்பத்திற்குக் கனவில் விளக்கம் பெற்ற திலகவதியார், தம் துன்பத்திற்கு எவ்விளக்கமும் பெறவில்லை. தந்தை புகழனார் நோயால் மறைந்தார். தாய் மாதினியார் கணவரைப் பின்தொடர்ந்தார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். உயிர்விடத் துணிந்தவரைத் தம்பியின் அழுகை தடுத்தது. அத்தம்பியும் பின்னர் அவரை விட்டுப் பிரிந்து சமணம் புகுந்தார். இவற்றுள் ஒன்றுக்கேனும் இறைவன் காரணம் கூறியதாகச் சேக்கிழார் பாடவில்லை. அவரும் கேட்டதாகப் பாடவில்லை.

யோபுவுக்குக் கால்நடைகள் இருமடங்காக மீண்டன. புதிய மக்களும் பிறந்தனர். இறந்த மக்கள் மீளவில்லை. திலகவதியாருக்கும் தம்பி மீண்டார், கலிப்பகையார் மீளவில்லை. இரு நூல்களும் இவ்வெற்றிடத்தை மறைக்கவில்லை.

திலகவதியார் செய்தவை மூன்று: திருக்கோயிலை அலகிட்டு மெழுகினார், நந்தவனத்து மலரால் மாலை தொடுத்தார், இரவில் வந்து காலில் விழுந்த தம்பிக்கு ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். கனவின் செய்தியை அவர் தம்பிக்கு விளக்கியதாகப் புராணம் விரித்துரைக்கவில்லை. அறிந்திருந்தும் விளக்கத்தை மருந்தாக நீட்டாமல், கையில் நீற்றை வைத்துக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். யோபுவின் நண்பர்கள் தவறிய இடத்தில் அவர் தவறவில்லை. போரில் மணமகனை இழந்து, இளையோரை வளர்த்து, எஞ்சியோருக்காகவே உயிர் தரித்த பெண்கள் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் உள்ளனர். அவர்களின் வரலாறு திலகவதியாரின் வரலாற்றில் முன்னரே எழுதப்பட்டுள்ளது எனலாம்.

நிறைவுரை

பிளேக்கின் முதற் சித்திரத்தில் யோபுவின் குடும்பம் அமர்ந்து வேண்டுகிறது. இசைக்கருவிகள் மரத்தில் தொங்குகின்றன. இறுதிச் சித்திரத்தில் அனைவரும் எழுந்து நின்று அவற்றை இசைக்கின்றனர். யோபுவுக்கு இசை துன்பத்தின் முடிவில் வருகிறது என்று அவ்வோவியர் கண்டார். அப்பரிடத்தில் வரிசை மாறுகிறது. நோய் நீங்கியபின் பாடியதன்று சூலைப் பதிகம். நோயினுள் இருந்து பாடியது. புராணத்தின்படி பாடி முடித்த பின்னரே சூலை தீர்ந்தது. பாடும்பொழுது அது தீருமென்பதற்கு அவரிடம் உறுதியேதும் இல்லை.

எனவே இப்பதிகத்தை நோய் தீர்க்கும் பாடல் என்று மட்டும் கொள்வது அதன் பொருளைக் குறுக்குவதாகும். விளக்கம் கிடையாதபோதும் முறையிடுவதை நிறுத்தாமையே நம்பிக்கை எனவும், துன்புறுவோர் அருகில் இருப்பவரின் கடமை காரணம் கூறுதல் அன்று, உடன் நிற்றல் எனவும் இதனால் பெறப்படுகின்றன. இலண்டன் கோயில்களில் திருமுறை பயிலும் அடுத்த தலைமுறைக்கு, பண்ணோடும் பொருளோடும் இப்பதிகத்தின் சினமும் கற்பிக்கப்படல் வேண்டும். தம் பெற்றோர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கிய வினாக்கள் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே இறைவன் திருமுன் கேட்கப்பட்டன என்பதையும், அவற்றைக் கேட்டவரையே மரபு நாவுக்கரசர் எனப் போற்றியது என்பதையும் அவர்கள் அப்போது உணர்வர்.