நத்தைக்கு வந்த வாழ்வு

நியூயார்க்கில் இருக்கும் அந்த ஓட்டலின் பேர் 'செம்ம'. ஆமாம், நம்ம ஊர்ப் பசங்க வாயில் நாளுக்கு நூறு தடவை வருகிற அதே செம்மதான்!

கிரீனிச் வில்லேஜ் பகுதியில் 2021-ல் திறந்தார்கள். தலைமை சமையல்காரர் விஜய் குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். 2022-ல் மிஷெலின் ஸ்டார் வந்தது. 2025-ல் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட, நியூயார்க் நகரத்தின் நூறு சிறந்த ஓட்டல்கள் பட்டியலில் முதலிடம். அதே வருஷம் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்காரர் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது. வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறி வாங்கினார் மனிதர்.

விருது கிடக்கட்டும், மெனுவுக்கு வருவோம். வெளிநாட்டில் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' என்றாலே பட்டர் சிக்கனும் நானும்தான் என்று ஒரு எழுதாத சட்டம் உண்டு. 'செம்ம' அதைக் கழற்றிப் போட்டுவிட்டு தோசை, குடல் வறுவல் என்று இறங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே, நத்தைப் பிரட்டல்!

வயல் நத்தை. டெல்டா வாசகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வயலில் தண்ணி நிற்கும் காலத்தில் வரப்போரமாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாப்பாடு. மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களுக்கே மூல வியாதி என்றால், 'மருந்துக்குத்தான்' என்று சொல்லி ரகசியமாக ஆள் அனுப்பி வாங்குவார்கள். சின்ன வயதில் நத்தை சாப்பிடுவதற்கு வெட்கப்பட்டதையும், சமையல் படிக்கப் போன இடத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு அதுவே உசத்தியான பதார்த்தம் என்று தெரிந்துகொண்டதையும் விஜய் குமாரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

போன மாசம் கல்லூரி நண்பர்கள் நாலு பேர் தரங்கம்பாடிக்குப் போயிருந்தோம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடலோரமாக ஒரு பெரிய ஓட்டல். பேர் வேண்டாம். அலைச் சத்தம், மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி விரித்த மேஜை. மெனுவைப் புரட்டினால் பனீர் பட்டர் மசாலா, ஃபிஷ் ஃபிங்கர், ஒயிட் சாஸ் பாஸ்தா!

பரிமாற வந்த பையன் உள்ளூர்.

"தம்பி, இன்னிக்கு உங்க வீட்ல என்னப்பா?"

"கிழங்கான் குழம்பு சார்."

"இங்கே கிடைக்காதா?"

"அதெல்லாம் போட மாட்டாங்க சார். கெஸ்ட்டுக்குப் பிடிக்காது."

"யாராவது கேட்டுப் பாத்தாங்களா?"

சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

நியூஜெர்சியில் வேலை பார்க்கும் நண்பன், நண்பர்களோடு 'செம்ம'யில் சாப்பிட்டவன், அப்போதுதான் வாயைத் திறந்தான். "பக்கத்து டேபிள்ல ஒரு வெள்ளைக்கார அம்மா நத்தையை ரசிச்சு சாப்பிட்டாங்கடா. எங்கம்மா அதைச் சமைக்கும்போது வாசக்கதவைச் சாத்திடுவாங்க. வாசனை தெருவுக்குப் போயிடக் கூடாதாம்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தரங்கம்பாடிக்கு 1620-ல் மிளகு தேடி வந்து டேன்ஸ்பர்க் கோட்டை கட்டியவர்கள் டென்மார்க்காரர்கள். அவர்கள் தலைநகரம் கோபன்ஹேகனில் 2003-ல் 'நோமா' என்று ஓர் ஓட்டல் திறந்தார்கள். உயர்தரம் என்றால் பிரெஞ்சு சமையல் என்று ஐரோப்பாவில் பலர் நம்பிய காலம் அது. எங்கள் மண்ணிலும் கடலிலும் கிடைப்பதே எங்களுக்குப் போதும் என்று பாசி, காட்டுக்கீரை, பிற்பாடு எறும்புகூட தட்டில் வைத்தார்கள். 2010-ல் உலகின் சிறந்த ஓட்டல் என்று பேர் வாங்கினார்கள். எறும்பே அந்த உயரத்துக்குப் போகிறது, கிழங்கான் என்ன பாவம் பண்ணியது?

பி.காமில் 'குட்வில்' என்று ஒரு பாடம் வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து, பேருக்கு உள்ள மதிப்பு. வெட்கத்துக்கு அப்படி ஒரு கணக்குத் தலைப்பு கிடையாது. இருந்தால் நம்ம ஊர் பெரிய ஓட்டல்களின் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் பக்கம் நிரம்பி வழியும். வாசலில் படகு வந்து இறங்குகிறது. உள்ளே ஃபிஷ் ஃபிங்கர் பொரிகிறது!

'செம்ம'யைப் பற்றி எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. நத்தைக்கு மரியாதை வந்துவிட்டது. பொறுக்கினவருக்கு? அந்த மேஜையில் உட்கார அவரால் முடியாது. 'ஏழைச் சாப்பாடு' என்று நாம் நாசூக்காகச் சொல்வதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. அதைக் கேவலமாக்கியது காசில்லாமை மட்டுமா? யார் வீட்டு அடுப்பில் அது வெந்தது என்பதும்தானே? நியூயார்க்கில் ஸ்டார் வாங்கினால் செம்பனார்கோவில் பக்கத்துத் தெருவில் அது மாறிவிடாது. இதற்காக விஜய் குமாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தன் பங்குக்குச் செய்துவிட்டார். மிச்சம் நம் வேலை.

பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். ஓட்டல் வாசலில் ஒரு கரும்பலகை. இன்றைக்குப் படகில் என்ன வந்தது, வயலில் என்ன கிடைத்தது என்று தமிழிலேயே பேர் எழுதுங்கள். கொண்டுவந்தவருக்கு நியாயமான காசு கொடுங்கள். நல்ல ருசியாகச் சமையுங்கள். பிடிக்குமா பிடிக்காதா என்று கெஸ்ட் சொல்லட்டும். அவர் வாய்க்கு முன்னால் நாமே ஏன் முடிவு பண்ண வேண்டும்?