நாயகன் வென்றான், நங்கையர்?

கோவைத் தொழிலாளி அருணாசலம் முருகானந்தம், ஏழைப் பெண்டிர்க்கு மலிவு விலையில் நாப்கின் செய்து தரும் பொறியைக் கண்டவர். அவர் வாழ்வைத் தழுவி, பால்கி இயக்கத்தில், 2018 பிப்ரவரியில் வெளிவந்த இந்திப் படம் ‘பேட்மேன்’. புகழ்பெற்ற நடிகர் அட்சய் குமார் நாப்கினைக் கையிலேந்தித் திரையில் தோன்றினார். மாதவிடாய் என்று வாய்விட்டுச் சொல்லவும் கூசும் நாட்டில் அது துணிவுதான், பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டுக் கேட்கிறோம்: கோவையின் கதை மத்தியப் பிரதேசத்து மகேசுவரத்துக்குக் குடிபெயர்ந்தது, போகட்டும்! பெண்கள் எங்கே போயினர்? மனைவி காயத்ரி அஞ்சுகிறாள், அழுகிறாள், பிரிகிறாள். நாயகனோ ஆராய்கிறான், அவமதிப்பைத் தாங்குகிறான், ஐ.நா. மன்றத்திலே முழங்குகிறான். வலி அவளுடையது, வரலாறு மட்டும் அவனுடையதா? மாதந்தோறும் அவளை வீட்டுக்கு வெளியே படுக்க வைத்த விதியை வகுத்தவர் யார்? படம் அந்தக் கொடுமையைக் காட்டுகிறது. அதன் வேரைத் தேடவில்லை. பேதைப் பெண்ணின் நாணமென்று சொல்லி நகர்ந்துவிடுகிறது.

அதே ஆண்டில் உருவாகி, 2019-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ஆவணப்படம் ‘பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்.’ இயக்கியவர் ரேக்கா செக்தாப்சி என்னும் பெண். களம், உத்தரப் பிரதேசத்து ஹாப்பூர்ப் பகுதியில் ஒரு சிற்றூர். அங்கும் முருகானந்தத்தின் பொறிதான். ஆனால் அதை இயக்குவோரும் பெண்கள், செய்ததை விற்போரும் பெண்கள். வகுப்பிலே எழுந்து நின்ற மாணவி, மாதவிடாய் என்னவென்று சொல்லமாட்டாமல் நாணி நிற்கிறாள். துணி மாற்ற இடமின்றிப் படிப்பையே துறந்த பெண் பேசுகிறாள். வணங்கும் தெய்வமே பெண்ணாயிருக்க, விலக்கு நாளில் நம் வேண்டுதல் எப்படிச் செல்லாததாகும் என்று ஓர் இளம்பெண் வினவுகிறாள். நாயகன் கேட்க மறந்த கேள்வி அது!

ஆயினும் இந்த ஆவணப்படமும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பொறி வந்தது; பொழுது விடிந்ததா? மறைவிடமும் தண்ணீரும் இல்லாத பள்ளியில் நாப்கினை வைத்துக்கொண்டு மாணவி என் செய்வாள்? பயன்படுத்தியதை வெறுங்கையால் அள்ளும் துப்புரவுத் தோழியின் துயரை யார் படமெடுப்பார்? ஆசிரியத் தொழில் செய்வோர் அறிவர்: மாதந்தோறும் வரும் விடுப்புக் கடிதங்களில் ‘காய்ச்சல்’ என்றே எழுதியிருக்கும். அந்தப் பொய்யை எழுதக் கற்பித்தவர்கள் நாம்.

2018 சூலையில் நாப்கின்மீது இருந்த 12 விழுக்காட்டு வரி நீங்கியது. நன்று! தீட்டென்று பெண்ணின் மனத்தின்மீது விதித்த வரி எந்நாள் நீங்கும்? அதை நீக்க ஒரு நாயகன் வரவேண்டியதில்லை. பாடநூலில் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்லாத ஆசிரியரும், மகளிடம் மறைக்காத தாயும், முகஞ்சுளிக்காமல் கடையில் வாங்கிவரும் தந்தையும் போதும்!