பளிங்கில் பிழைத்த வெண்கலம்

கிரேக்கச் சிற்பி பாலிக்ளீட்டஸ் கி.மு. 440 வாக்கில் வெண்கலத்தில் வார்த்த ‘ஈட்டி ஏந்தியவன்’ இன்று இல்லை. இத்தாலியின் பாம்பேயில் கிடைத்து, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்பது ரோமானியர் பளிங்கில் செய்த பிரதி. மைரானின் வட்டெறிபவனுக்கும் இதே கதி. வெண்கலத்தை உருக்கி வேறு காரியத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள். கிரேக்கச் சிற்பம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி பிரதியாளர்களின் கைவண்ணமே.

அவர்கள் ஏனோதானோவென்று செதுக்கவில்லை. 1954இல் இத்தாலியின் பையேயில் கிரேக்க வெண்கலச் சிலைகளிலிருந்து நேரடியாக எடுத்த சாந்து அச்சுகளின் துண்டுகள் கிடைத்தன. ஏதென்ஸின் புகழ்பெற்ற ‘கொடுங்கோலனைக் கொன்றோர்’ சிலையில் உள்ள அரிஸ்டோகெய்ட்டனின் முகமும் அவற்றில் ஒன்று. உடலின் அளவு விகிதங்களைப் பற்றி பாலிக்ளீட்டஸ் எழுதிய நூல் அழிந்துவிட்டது. அந்தக் கணக்கை ஓரளவாவது ஊகிக்க முடிகிறதென்றால், பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான்.

ஆனால் நேப்பிள்ஸ் சிலையின் வலக்காலைப் பாருங்கள். பின்னால் ஓர் அடிமரம் ஒட்டி நிற்கிறது. உள்ளே வெற்றிடமாக வார்த்த வெண்கலத்துக்கு அது தேவையில்லை. பளிங்கின் பாரத்தைக் கணுக்கால் மட்டும் தாங்காது. உடலின் எடை முழுவதையும் ஒரு காலில் இறக்கி, மறுகாலின் குதியைத் தூக்கி நிறுத்தியதே பாலிக்ளீட்டஸின் சாதனை. அந்த எடையை மரம் வாங்கிக்கொண்டுவிட்டது. 1972இல் ரியாச்சே அருகே கடலில் கிடைத்த இரண்டு கிரேக்க மூல வெண்கல வீரர்களுக்கோ செம்பு உதடுகள். ஒருவனுக்கு வெள்ளிப் பற்கள். பிரதிகளின் வெறுமையான கண்கள் இந்த உயிர்ப்பை எங்கே காட்டும்?

ஓவியத்தின் இழப்பு இன்னும் கொடியது. அப்பெல்லிஸ், சூக்ஸிஸ் வரைந்த ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. பாம்பேயின் அலெக்சாந்தர் மொசைக், கிரேக்க ஓவியமொன்றைப் பின்பற்றியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதில் கீழே விழுந்த பாரசீக வீரன் பளபளக்கும் கேடயத்தில் தன் முகத்தையே பார்க்கிறான், அசாத்தியமான கற்பனை! காட்சி அமைப்பு வந்துவிட்டது, தூரிகை வரவில்லை. வெர்கினாவின் கல்லறைச் சுவரில் அசலாகவே எஞ்சிய, ஹேடீஸ் பெர்செஃபனியைக் கவர்ந்து செல்லும் ஓவியத்தின் விரைந்த கோடுகளைக் கண்டால் அந்த வேறுபாடு உடனே விளங்கும்.

பிரதியாளர்கள்மீது எனக்குக் கோபமில்லை; பிரதியையே மூலமாக எடுத்துக்கொண்ட விமரிசனத்தின்மீதுதான். 1764இல் பண்டைக் கலையின் வரலாற்றை எழுதிய விங்கெல்மன் கிரேக்கத்துக்குப் போனதே இல்லை; ரோமில் கண்ட பளிங்குகளைக் கொண்டே பெரிதும் தீர்ப்பு வழங்கினார். வெண்மையே கிரேக்க அழகு என்ற எண்ணம் அவர் வழியே வலுப்பெற்றது. ஓவியர் நிக்கியாஸ் வண்ணம் தீட்டிய தன் சிலைகளையே பிராக்ஸிட்டிலீஸ் மிக உயர்வாக மதித்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருந்தும், பிரதியை மூலமாகவே பாவித்த விமரிசனம் அந்த வரியைக் கடந்து போய்விட்டது.