வேட்டி மடிப்பு வரைந்த ஜப்பானியர்

'இராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' அனிமேஷன் படத்தைத் திருப்பூர்க்காரர்கள் துணிக்காகவே ஒருமுறை பார்க்க வேண்டும். நடந்தால் வேட்டி எங்கே விரிகிறது, உட்கார்ந்தால் எங்கே மடிகிறது என்பதெல்லாம் அதில் சரியாக இருக்கிறது. வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர்கள். வேட்டி கட்டுவதையும் பெரியவர்களிடம் ஆசி வாங்குவதையும் இந்திய ஓவியர்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1983-ல் அலகாபாத் பக்கம் நடந்த அகழாய்வைப் படமெடுக்க வந்த யூகோ சாகோ, இராமாயணத்தில் மனம் பறிகொடுத்தார். அதைப் படமாக்க முனைந்தபோது இங்கே எதிர்ப்பு கிளம்பியது, இந்திய அரசு ஒதுங்கிக்கொண்டது. அதனால் வேலை ஜப்பானில் நடந்தது. கோயிச்சி சசாகியும் நம் நாட்டு ராம் மோகனும் உடன் இயக்க, 1993-ல் படம் வெளிவந்தது.

அது கணினிக்கு முந்தைய கைவேலை. ஒளி ஊடுருவும் தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். கோட்டின் மேல் வண்ணம் ஏறாமலிருக்க அந்த ஏற்பாடு. நம் பிரிண்டிங் பட்டறையில் நிறத்துக்கொரு ஸ்கிரீன் வைத்து அடிக்கும்போது, ஒரு நூலளவு தள்ளிப்போனாலும் முகத்தின் கண் கெட்டுவிடும். இந்தப் படத்தில் அந்தக் கவனத்தை ஏறக்குறைய ஒரு லட்சம் தாள்களில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

2025 ஜனவரியில் தமிழிலும் திரைக்கு வந்தது. கும்பகர்ணன் போரைத் தவறவிடாதீர்கள். அவன் உருவத்தின் கனம் ஒவ்வொரு அடியிலும் தெரியும்.