மூன்று கதைகளுக்கு வெளியே ஒரு கடைத்தெரு

பிரசன்ன விதானகே, விமுக்தி ஜயசுந்தர, அசோக ஹந்தகம ஆகிய மூவரும் ஆளுக்கொரு கதையை நெறியாள்கை செய்து ஒரே படமாகத் தந்த ‘துன்தெனெக்’ (மூவர்) 2018இல் வெளிவந்தது. இறந்துபோன சிங்கள இராணுவத்தினன் ஒருவனின் மனைவியைத் தேடிப் போகிறான் புலிகளுக்காகப் படம்பிடித்த ஒரு வீடியோக்காரன். தமிழ்ப் போராளியொருவன் சிங்களப் பிள்ளையாக மறுபிறவி எடுத்திருக்கலாம் என்ற எண்ணம் ஒரு சிங்கள ஆசிரியரைக் குலைத்துவிடுகிறது. தமிழ்த் தாயொருத்தி மகனைத் தேடி வருகிறாள். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளில், சிங்களக் கலைஞர் மூவர் எதிர்த்தரப்பின் துயரை இந்த அளவுக்கு நெருங்கி வந்தது சிறிய விடயமல்ல.

ஆனால் அதே 2018 மார்ச்சில்தான் திகனவிலும் தெல்தெனியவிலும் எமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. படத்தின் ஆங்கிலத் தலைப்பு ‘அவள், அவன், மற்றவர்’ என்று பொருள்படும். அந்த ‘மற்றவர்’ யார்? மூன்று கதைகளின் மையத்திலும் நிற்பது சிங்களவருக்கும் வடக்குத் தமிழருக்கும் இடையிலான போர்க்கணக்கு. முஸ்லிமும் மலையகத் தொழிலாளியும் அந்தக் கணக்கில் வரவில்லை.

நான்காவதாக ஒரு முஸ்லிம் கதையைச் சேர்த்திருக்கலாமே என்று கேட்பது என் நோக்கமல்ல. அப்படிச் சேர்த்தால் பாராளுமன்ற ஆசனப் பங்கீடுபோல் ஆகிவிடும். கதைத்தொகுப்புப் படம் என்ற வடிவத்துக்கு வேறொரு வலிமை உண்டு. சிங்கப்பூரின் ஐம்பதாவது ஆண்டையொட்டி 2015இல் ஏழு நெறியாளர்கள் தந்த ‘செவன் லெட்டர்ஸ்’ அதை ஓரளவு காட்டியது. அதில் பூ ஜுன்ஃபெங்கின் கதையில் முதிய மலாய்க்காரர் இஸ்மாயில், இளமையில் பிரிந்த சீனக் காதலியைத் தேடி ரயிலேறி வருகிறார். கே. ராஜகோபாலின் கதையில் ஓர் இந்தியக் குடும்பம், பிரித்தானியர் வெளியேறும் காலத்தில், அவர்கள் பின்னே போவதா இங்கேயே இருப்பதா என்று தடுமாறுகிறது. அரசு விழாவின் மணம் படத்தில் இல்லாமலில்லை. ஆயினும் அங்கே ஓர் இனத்துக்கு ஒரு கதை என்று பங்கு பிரிக்கவில்லை. போவதா இருப்பதா என்ற கேள்வி எமது மலைகளில் 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தோடு வீடு வீடாக வந்தது. ஒரே லயத்தில் ஒரு காம்பிராவுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, அடுத்த காம்பிராவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கதைத்தொகுப்புப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் எது?

மலையகத்துக்கு சினிமா வராமலில்லை. விதானகேயே இருமுறை வந்தார். 2012இல் வந்த ‘ஒப நத்துவ ஒப எக்க’, தஸ்தயேவ்ஸ்கியின் கதையை மலைநாட்டு அடகுக்கடை ஒன்றுக்குள் கொண்டுவந்தது. கடைக்காரன் முன்னாள் சிப்பாய். நகை அடகு வைக்க வருபவள் வடக்கிலிருந்து வந்த செல்வி. (2014இல் சென்னையில் இதன் திரையிடலை எதிர்ப்பால் நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்திருப்பார்களோ!) இருவரின் கதை என்ற அளவில் அது கச்சிதமானது. ஆனால் கூண்டுக்கு வெளியே நகரம் வெறும் பனிமூட்டம்தான்.

2023இல் வந்த ‘பரடைஸ்’ இன்னும் துணிந்த படம். 2022 பொருளாதார நெருக்கடியின் நடுவே இராமாயணத் தலங்களைச் சுற்றிப்பார்க்க வந்த மலையாளத் தம்பதியரின் கைப்பேசிகளும் கணினிகளும் களவு போகின்றன. பொலிஸ் தோட்டத் தொழிலாளர்களைப் பிடித்து வந்து நிறுத்துகிறது. நிச்சயமில்லாமலே கணவன் கேசவ் இவர்கள்தான் என்கிறான். மனைவி அமிர்தாவுக்கு ஐயம். பிடிபட்டவர்களில் ஒருவன் அடிபட்டுச் சாகிறான். மலையாளம், ஆங்கிலம், சிங்களம், தமிழ் என நான்கு மொழிகள் படத்தில் ஒலிக்கின்றன. இவற்றுள் இந்த மலைகளில் பெரும்பான்மையோர் பேசுவது தமிழை. படத்தில் விசாரணைக்கு நிற்பதும் தமிழ்தான். அடையாளம் காட்டுபவனுக்குத் தன் பொருள் திரும்பக் கிடைத்தால் போதும். காட்டப்படுபவனுக்கு அடையாளமே குற்றம். விதானகேயின் ஆகச் சிறந்த காட்சிகளில் இதையும் சேர்ப்பேன்.

அந்தப் பங்களாவின் ஊழியர்களில் ஒருவர் இக்பால். விருந்தினருக்கும் தொழிலாளருக்கும் நடுவே நிற்கும் இந்த மனிதரை நாம் அறிவோம். இவர் லயத்துக்காரரல்ல, துரையுமல்ல. தொழிலாளியின் மொழியைப் பேசுபவர், ஆனால் அவர் பக்கம் நிற்பாரா என்பது தெரியாது. படம் அவரை நடுவில் நிறுத்திவிட்டு மேலே போய்விடுகிறது. எனக்கு அங்கேதான் கதை தொடங்குவதாகப் பட்டது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு மூவரும் இல்லை. ஆனால் ஹற்றனிலோ தலவாக்கலையிலோ கடைத்தெருவில் நடந்து பாருங்கள், பெயர்ப்பலகைகள் வேறு கணக்குச் சொல்லும். சம்பள நாள்வரை அரிசியும் மாவும் சீனியும் கடனுக்குப் போகும். அந்தக் கடன் கொப்பியில் இரு சமூகங்களின் உறவு முழுவதும் இருக்கிறது: நம்பிக்கையும் உண்டு, கழுத்தைப் பிடிக்கும் கையும் உண்டு. கல்யாணத்துக்குக் கேட்காமலே கொடுத்த முதலாளியும், விலையை ஒன்றுக்கு ஒன்றரையாகப் பதிந்த முதலாளியும் ஒரே தெருவில்தான் இருந்தார்கள். நம்மைத் திரையில் காட்டவில்லை என்று வருந்துகிறோமே, அந்தக் கொப்பியை விரித்துக் காட்டினால் பொறுப்போமா? பாதிக்கப்பட்டவராக மட்டும் தோன்ற விரும்பும் சமூகத்துக்கு நல்ல கதை கிடைப்பது கடினம்.

எழுத்தில் இந்தத் தயக்கம் குறைவாகவே இருந்திருக்கிறது. 1971இல் வீரகேசரி வெளியிட்ட ‘கதைக்கனிகள்’ தொகுதியும், 1997இல் துரைவி பதிப்பகம் தந்த ‘மலையகச் சிறுகதைக’ளும் பல கைகள் சேர்ந்து ஒரு நிலத்தை எழுதியவை. மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய அல் அஸூமத், லயத்தையும் பள்ளிவாசலையும் உள்ளிருந்தே அறிந்தவர். அவரது ‘வெள்ளை மரம்’ போன்ற தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நெறியாளர் ஹற்றன் பஸ் நிலையத்தில் இறங்கினால் மூன்று கதைகளுக்கு அந்தத் தெருவில் பத்துக் கடைகளே போதும். அடகுக்கடையும் அவற்றில் ஒன்றாக இருக்கட்டும்.