ஆப்போடு வரும் கால அட்டவணை

சென்னைத் தாம்பரத்தில் பீச் வண்டிக்கு ஓடி வருகிறவருக்குத் தெரியவேண்டியது, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்பதுதான். அதற்காக சர்வரைக் கேட்டு அவரைக் காக்கவைப்பது வீண். நிலையங்களும் நேரங்களும் ஒரு சிறிய எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பில் அடங்கிவிடும்; அதை ஆப்போடு சேர்த்தே அனுப்பலாம். 2018 டிசம்பரில் கூகுள் வாங்கிய 'வேர் இஸ் மை டிரெயின்' இணையமே இல்லாமல் அட்டவணையைக் காட்டிய ஆப்தான். ஆகவே தரவை முன்கூட்டியே நிரப்புவதில் எனக்கு ஐயம் இல்லை. எதை, எப்படி நிரப்புகிறோம் என்பதில்தான் கேள்வி.

முதல்முறை திறக்கும்போது நிரலே வரிவரியாகத் தரவைச் செருகுவது ஒரு வழி. எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் கட்டாவிட்டால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக எழுதப்படும். மலிவான போனில் பயனர் சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தயாரான கோப்பை அப்படியே நகலெடுப்பது மேல். ஆண்ட்ராய்டின் ரூம் நூலகத்தில் 'கிரியேட் ஃப்ரம் அசெட்' இதைத்தான் செய்கிறது. ஆனால் போனில் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருந்தால் நகல் நடக்காது. அப்டேட்டில் புதிய அட்டவணையை வைத்தாலும் பழைய பயனருக்குப் பழைய நேரமே தெரியும். பதிப்பு எண்ணை உயர்த்தி, இருப்பதை அழித்து நிரப்பச் சொன்னால் அட்டவணை புதிதாகும். அவர் சேமித்துவைத்த குரோம்பேட்டை–பார்க் பயணமும் அதோடு போய்விடும்.

தென்புறநகரில் அட்டவணை மாறுவது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு அங்கே மாறின. 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக மின்சார ரயில்கள் பல ரத்தாயின. முன்னது நிலைத்த மாற்றம்; பேருந்தையும் காட்டும் ஆப் என்றால் அடுத்த கோப்பிலேயே ஏறவேண்டியது. பின்னது சில வாரச் சங்கதி; அதற்குக் கோப்பில் இடமே கூடாது, இணையத்திலிருந்துதான் வரவேண்டும். இரண்டையும் ஒரே டேபிளில் கலக்கிற ஆப் இரண்டிலும் தவறும்.

என் தீர்ப்பு இது: தொடக்கத் தரவு ஆப்போடு வரட்டும், ஆனால் படிக்க மட்டுமான தனிக் கோப்பாக. பயனர் சேமிப்பது வேறு கோப்பில் இருக்கட்டும். அப்போது அட்டவணையை எத்தனை முறை மாற்றினாலும் அவர் பொருளில் கை படாது. அட்டவணை எந்தத் தேதியது என்பதும் வண்டி நேரத்துக்குப் பக்கத்திலேயே தெரியவேண்டும், அமைப்புகள் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. இரவு கடைசி வண்டியை நம்பிப் பெருங்களத்தூருக்குக் கிளம்புகிறவருக்கு அந்தத் தேதி நேரத்தைப் போலவே முக்கியம். அதைக் காட்டாத ஆப் எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.