ரெண்டாம் கியரில் வால்பாறை

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்து ஷட்டரை இறக்கினால், ஞாயிறு விடியும்வரை எனக்குத் தூக்கம் பிடிக்காது. நாலரை மணிக்கு என் ஜென் காரைக் கிளப்பிவிடுவேன். பல்லடம், பொள்ளாச்சி, ஆழியாறு. அப்புறம் வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். எத்தனை தடவை ஏறினாலும் முதல் வளைவின் பலகையைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

என்னுடையது 1996 மாருதி ஜென். 993 சிசி, 50 குதிரைத்திறன், 750 கிலோவை ஒட்டிய எடை. இதன் சுகம் முழுக்க ரெண்டாம் கியரில் இருக்கிறது. வளைவு முடிகிற இடத்தில் ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்துவேன். எஞ்சின் தொண்டை திறந்து பாடும். வண்டியிடம் இருக்கிற அத்தனையும் அந்த நிமிஷம் வெளியே வந்துவிடும். ஆனாலும் முள் ஐம்பதைத் தாண்டியிருக்காது! பவர் ஸ்டியரிங் கிடையாது. தாரில் ஜல்லி பெயர்ந்திருந்தால் கட்டைவிரலுக்குத் தெரியும். நான் நிட்டிங்காரன். மெஷினில் ஒரு ஊசிக் கொக்கி உடைந்தால், துணியில் விழுந்த கோட்டைக் கண் பார்க்கும் முன்னால் சத்தம் மாறியதைக் காது பிடித்துவிடும். ஜென்னும் அப்படித்தான் என்னோடு பேசுகிறது.

எக்ஸ்போர்ட் பண்ணுகிற என் நண்பன் ஒருவன் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ எடுத்தான். 2025இல் இந்தியாவுக்கு வந்த கார். 265 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.9 விநாடி. திருப்பூர் குமரன் ரோட்டில் பீஸ் மூட்டை ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்குப் பின்னால் அது ஊர்ந்து வருவதைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை. “மலைக்குக் கூட்டிட்டுப் போலாம் மாப்ள, நீயே ஓட்டு” என்று சாவியைக் கையில் வைத்தான்.

என்ன கார் அது! பிரேக் பிடித்தால் யாரோ தோளைப் பிடித்து நிறுத்துவது போல நிற்கிறது. வளைவில் துளி சாயவில்லை. ஆனால் கால் லேசாகப் பட்டதுமே அடுத்த வளைவு முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. எதிரே பஸ் இறங்குகிறது, ஓரத்தில் குரங்குக் கூட்டம். பாதி அழுத்தக்கூட இடமில்லை. கிளட்ச் பெடல் இல்லை, கியரையும் அதுவே மாற்றிக்கொள்கிறது. நாற்பது வளைவும் ஏறி முடித்தபோது அந்த எஞ்சினின் முழுக்குரலை நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. எனக்கு அது பெரிய ஏக்கமாகவே நின்றுவிட்டது.

1976இல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த ஜிடிஐக்கு இருந்தது 110 குதிரைத்திறன்தான். எடை 800 கிலோ சொச்சம். வீட்டுக் காரில் ஓட்டுகிற ஆனந்தத்தை வைத்துத் தைத்தவர்கள் ஃபோக்ஸ்வாகன்காரர்கள். நம் பக்கத்திலும் அந்த ஆனந்தத்தைக் கண்டுகொண்ட ஒருவர் இருந்தார்: கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்து கரிவரதன். மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து, 1980களின் கடைசியில் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகியது அதில்தான். 2005இல் ஃபார்முலா ஒன்னில் போய் நின்றார். ஆரம்பம் ஒரு மூன்று சிலிண்டர் மாருதி எஞ்சின்! செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயைத் தாண்டும்போதெல்லாம் கரிவரதனை நினைத்துக்கொள்வேன்.

அடுத்த ஞாயிறு ஜென்னை நண்பனிடம் கொடுத்தேன். மூன்றாவது வளைவுவரை பேசிக்கொண்டே வந்தவன் அப்புறம் வாயே திறக்கவில்லை. கியரை இறக்குகிறான், ஏற்றுகிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை கீழே வெள்ளித் தட்டாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி இறங்கி, பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

இப்போது கோவை, ஈரோடு, சேலம் என்று தெரிந்த மெக்கானிக்குகள் எல்லோரிடமும் நல்ல ஜென் வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறான். கார்புரேட்டர் வண்டியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவன் கண்டிஷன்.